காட்டுக்கு நடுவே ஒரு கலாசாலை
மரம் வளர்த்த ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ்

தாம்பரம் நிலையத்தை விட்டு ரயில் தெற்கே இரும்புலியூரை நோக்கி நகரும்போது, கிழக்குப் பக்கம் கடைகளுக்கும் மாடி வீடுகளுக்கும் பின்னால் அடர்த்தியான பசுமை ஒன்று கண்ணில் படும். புதியவர்கள் அதை வன இலாகாவின் காடு என்றே நினைப்பார்கள். உண்மையில் அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகம். அந்தப் பசுமைக்கு அரும்பாடுபட்டவர்களில் முதன்மையானவர், ரசாயனம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ்.

1892-ல் பிறந்த பார்ன்ஸ் ஓர் ஆங்கிலேயர். அவர் பணிபுரிந்த காலத்தில் கல்லூரி சென்னை எஸ்பிளனேடில், ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்தது. 1837-ல் சிறு பள்ளியாகத் தொடங்கிய அந்த ஸ்தாபனத்துக்கு, ஜன நெருக்கடி மிகுந்த ஜார்ஜ் டவுனில் மேலும் வளர இடமில்லை. ஊருக்கு வெளியே விசாலமான இடம் தேட வேண்டும் என்ற யோசனை 1919-ல் எழுந்தது. 1930-ல் சேலையூர்க் காட்டில் 390 ஏக்கர் நிலத்தை அரசாங்கம் கல்லூரிக்கு அளித்தது. அடுத்த ஆண்டே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தூரத்துக் கிராமம் சற்றே அருகில் வந்தது.

சுவிட்சர்லாந்து நாட்டவரான ஹென்றி ஷெட்டி கட்டடங்களுக்குத் திட்டம் வரைந்தார். மண்ணையும் மரத்தையும் பார்ன்ஸ் கவனித்துக்கொண்டார். அவருடைய துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் அந்தப் பணியில் தோள் கொடுத்தார்.

ரசாயன ஆசிரியருக்குச் செடிகொடிகளில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பார்ன்ஸுக்குத் தாவர சாஸ்திரம் தீராத மோகம். தென்னாட்டு மலைகளில் செடிகளைத் தேடிச் சேகரித்தார். நல்ல பாம்பு படமெடுத்தது போலப் பூக்கும் அரிசிமா என்ற சேம்பு இனத்தில் அவருக்குத் தனி ஈடுபாடு. அவற்றைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். புதிய வகைகளை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிய பெரு நூலை முடித்துவைத்த ஃபிஷர் என்ற அறிஞர், அரிசிமாவில் ஒரு வகைக்குப் பார்ன்ஸின் பெயரையே சூட்டினார்.

இந்த அறிவு தாம்பரத்தில் பயன்பட்டது. இந்தப் பிரதேசத்தில் கன்று நடுவது எளிது, காப்பாற்றுவதுதான் கடினம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழை, பிறகு மாதக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. முதல் கோடையைத் தாண்டும் கன்றே மரமாகும். களா, காரை, சூரை போன்ற நம் புதர்ச் செடிகளோ தண்ணீர் ஊற்றுவார் இல்லாமலே வெயிலைத் தாங்கும். பார்வைக்கு முரடாக இருந்தாலும் பறவைக்குப் பழமும் மண்ணுக்கு நிழலும் தருபவை அவை. மழைநீர் ஓடிப்போகாமல் நிலத்துக்குள் இறங்கவும் அவை துணை செய்கின்றன.

1937 ஜனவரி 30-ந் தேதி, கவர்னர் எர்ஸ்கின் பிரபு புதிய வளாகத்தைத் திறந்து வைத்தார். மாணவர்களுக்காக மூன்று விடுதிகள் எழுந்தன. நகரத்துத் தெருவில் படித்து வந்த இளைஞர்கள் மரங்களுக்கிடையே தங்கிப் படிக்கலானார்கள். புத்தகத்தில் படமாகக் கண்ட செடி, விடுதி வாசலிலேயே நின்றது. வகுப்பு முடிந்தாலும் பாடம் முடியாத கலாசாலை அது!

ஆனால் பார்ன்ஸுக்கு அதைக் காணக் கிடைத்த காலம் கொஞ்சம். 1941-ல், ஐம்பது வயதை எட்டாமலே அவர் காலமானார். புதிய வளாகம் திறந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம் பேணிய கன்றுகள் ஓங்கி வளர்ந்து நிழல் பரப்புவதைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

எனினும் காடு நின்றது. இன்று சுமார் 365 ஏக்கர் பரப்புள்ள அந்த வளாகத்தில் புதர்க்காடு உயிரோடு இருக்கிறது, புள்ளிமான்கள் திரிகின்றன. சுற்றிலுமோ ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. ஏரிக்கரைகள் வரை வீடுகள் நெருங்கிவிட்டன. நிலத்தின் விலை ஏற ஏற, வெறுமனே மரம் நிற்கும் இடம் வீண் என்று எண்ணுவோரும் உண்டு.

அவர்களுக்குப் பதில் சொல்ல பார்ன்ஸ் இல்லை. வெயில் உச்சிக்கு ஏறும் சித்திரை மாதத்தில் தாம்பரத்துத் தார்ச்சாலையிலிருந்து அந்த மரங்களுக்குக் கீழே பத்து அடி நடந்து சென்றால் போதும். பதில் தானே கிடைத்துவிடும்.