குழந்தைகள் பக்கம் நின்ற டாக்டர் – யானுஷ் கோர்ச்சாக்



நமக்கு ஒரு பிரச்சினைன்னா அம்மாவோ அப்பாவோ பள்ளிக்கூடத்துக்கு வந்து பேசுவாங்க. அவங்களால முடியலேன்னா தாத்தா, பாட்டி, மாமா, சித்தின்னு யாராவது வருவாங்க. அப்படி யாருமே இல்லாத குழந்தைக்கு யார் வந்து பேசுவாங்க? அந்தக் குழந்தை சொல்றதை யார் காது கொடுத்துக் கேட்பாங்க? இந்தக் கேள்வியோடவே வாழ்ந்து, அதுக்காகவே உயிரை விட்ட ஒரு டாக்டரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். அவர் யானுஷ் கோர்ச்சாக். ஊர், போலந்து நாட்டின் தலைநகரமான வார்சா.

இளமைக் காலம்

அவருடைய உண்மையான பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். பிறந்த நாள் ஜூலை 22. வருஷம் மட்டும் 1878-ஆ 1879-ஆ என்று அவருக்கே உறுதியாகத் தெரியாது. அவங்க அப்பா பிறப்பைப் பதிவு செய்யாமல் தள்ளிப்போட்டதுதான் காரணம். அப்போது போலந்து தனி நாடாக இல்லை. வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது.

யூதக் குடும்பம். அப்பா யோசெஃப் நல்ல பெயர் பெற்ற வக்கீல். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஹென்ரிக் பள்ளியில் படிக்கும்போதே அப்பாவுக்கு மனநோய் வந்துவிட்டது. குடும்பத்தின் பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1896-ல் அப்பா இறந்துபோனார். அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்து, அந்தக் காசில் வீட்டுக்கு உதவினார் ஹென்ரிக். நம்ம பிளஸ் டூ அண்ணன்கள் வயசுதான் அப்போ அவருக்கு!

1898-ல் ஒரு நாடகப் போட்டிக்கு எழுதி அனுப்பும்போது யானுஷ் கோர்ச்சாக் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அது ஒரு பழைய போலந்து நாவலில் வரும் பெயர். கடைசிவரை அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

டாக்டர் வேலையை ஏன் விட்டார்?

வார்சா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1905-ல் டாக்டர் ஆனார். உடனே ரஷ்ய-ஜப்பான் போருக்கு ராணுவ டாக்டராக அனுப்பினார்கள். திரும்பி வந்து வார்சாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 1912 வரை வேலை பார்த்தார். அதற்குள் எழுத்தாளராகவும் பேர் வாங்கிவிட்டார். பணக்கார வீடுகளில் நல்ல ஃபீஸ் வாங்கினார். ஏழை வீடுகளில் பேருக்கு ஏதோ வாங்கிக்கொண்டார்.

அப்படியே இருந்திருந்தால் பெரிய பங்களா, கார் என்று வாழ்ந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. காய்ச்சலோடு வர்ற குழந்தைக்கு மருந்து கொடுத்துச் சரி பண்ணிடலாம். ஆனா அது திரும்பிப் போறது அதே பசிக்கும் அதே இருட்டுக்கும்தானே?

1912-ல் வார்சாவின் குரோஹ்மால்னா தெரு, 92-ம் எண் வீட்டில் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. கோர்ச்சாக் அதன் பொறுப்பை ஏற்றார். அவரோடு தோளோடு தோள் நின்றவர் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற ஆசிரியை. சுமார் 100 குழந்தைகள். கோர்ச்சாக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல வருஷம் அந்த இல்லத்து மாடியில் ஒரு சின்ன அறையில்தான் குடியிருந்தார்.

குழந்தைகளே நீதிபதிகள்!

அந்த இல்லத்தில் சோறும் துணியும் படுக்கையும் மட்டும் கிடைக்கவில்லை. அவற்றைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது. மரியாதை! அது எப்படின்னு பாருங்க.

இல்லத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. யார் மேல் யாருக்குக் குறை இருந்தாலும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம். அந்த வாரம் தன் மேல் வழக்கு எதுவும் இல்லாத குழந்தைகளில் 5 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள்தான் நீதிபதிகள். சட்டப் பிரிவுகளுக்கு 1 முதல் 1000 வரை எண் உண்டு. முதல் 99 பிரிவுகளில் தண்டனையே கிடையாது. மன்னிப்பு, விளக்கம், வழக்குத் தள்ளுபடி இவ்வளவுதான். 100-ம் பிரிவில்தான் குற்றம் என்ற பேச்சே ஆரம்பிக்கும். 1000-ம் பிரிவு, இல்லத்தை விட்டு அனுப்புவது.

இன்னும் ஒரு ஆச்சரியம். பெரியவர்கள் மேலேயும் வழக்குப் போடலாம்! கோர்ச்சாக் ஒரு தடவை அரை வருஷத்துக்குள் 5 முறை தன்னைத் தானே அந்த நீதிமன்றத்தில் நிறுத்தினார். ஒரு பையனைக் காதில் அறைந்தது, ஒரு சிறுமி மேல் திருட்டுப் பழி போட்டது இதெல்லாம் அவர் மேலிருந்த வழக்குகள். டைரக்டராச்சேன்னு யாரும் விட்டுவிடவில்லை. அவரும் தப்பிக்கப் பார்க்கவில்லை.

புதுசா ஒரு குழந்தை வந்து சேர்ந்தால், இல்லத்திலேயே இருக்கும் இன்னொரு பிள்ளையை அதற்குப் பாதுகாவலராக நியமிப்பார்கள். சாப்பிடும் இடம் எது, படுக்கை எது, யாரிடம் எதைக் கேட்கணும் என்று எல்லாவற்றையும் அந்த அண்ணனோ அக்காவோ சொல்லிக் கொடுக்கணும். அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கணும். கோர்ச்சாக் அந்த நோட்டைப் படித்துப் பதில் எழுதுவார். நேரில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்காக ஒரு கடிதப் பெட்டியும் இருந்தது. தொலைந்த பொருட்களை வைக்கக் கண்ணாடி அலமாரி ஒன்று. அதில் ஒரு பொத்தானுக்குக்கூட இடம் உண்டு. நமக்குத்தான் அது பொத்தான், அந்தப் பிள்ளைக்கு அது சொத்து!

1919-ல் மரியா ஃபால்ஸ்கா என்ற ஆசிரியையுடன் சேர்ந்து, போலந்துத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நம் வீடு என்ற பொருள்படும் பெயரில் இன்னொரு இல்லத்தையும் நடத்த உதவினார்.

குழந்தைகளே எழுதிய பத்திரிகை

நம்ம சுவர் இதழ் மாதிரியே அங்கேயும் ஒன்று உண்டு. ஆனா அது அச்சில் வந்தது! 1926 அக்டோபர் 9 அன்று சிறிய விமர்சனம் என்ற பொருள்படும் பெயரில், ஒரு நாளிதழின் இணைப்பாக வாராவாரம் வெளிவரத் தொடங்கியது. எழுதியவர்கள், செய்தி சேகரித்தவர்கள் எல்லோரும் குழந்தைகள். நாடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. பெரியவர்களுக்காகக் குழந்தைகள் பற்றி எழுதுவது வேறு, குழந்தைகளே எழுதுவது வேறு என்பதை அந்தப் பத்திரிகை காட்டியது. 1939 செப்டம்பர் 1 அன்று இரண்டாம் உலகப் போர் தொடங்கிய நாளோடு அது நின்றுபோனது.

கோர்ச்சாக் எழுதிய முதலாம் மாத்யூஷ் ராஜா என்ற கதைப் புத்தகம் 1923-ல் வந்தது. அப்பாவை இழந்து சின்ன வயசிலேயே ராஜாவான ஒரு பையன், பிள்ளைகளுக்கென்று ஒரு பாராளுமன்றம் அமைக்கும் கதை அது. 1929-ல் குழந்தையின் மரியாதைக்கான உரிமை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். குழந்தைக்குக் கொடுப்பது தர்மம் இல்லை, அது அதற்குச் சேர வேண்டியது என்பதே அந்த நூலின் சாரம்.

கோர்ட்டில் குழந்தைக்காக

கோர்ச்சாக்கின் வேலை இல்லத்தோடு முடியவில்லை. தப்பு செய்ததாகப் பிடிபட்ட சிறுவர்களின் வழக்குகளில், வார்சா நீதிமன்றத்துக்கு நிபுணராகக் கருத்துச் சொல்லும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. போலீஸும் வக்கீலும் நீதிபதியும் பேசும் இடத்தில், அந்தப் பையன் யார், எப்படி வளர்ந்தான், எதற்கு இந்த நிலைக்கு வந்தான் என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு அவர் நடத்திய ஒரு வகுப்பைப் பற்றிப் பின்னாளில் பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிறுவனை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், திரையில் அவனுடைய இதயம் படபடவென்று துடிப்பதைக் காட்டினார். ஒரு குழந்தை மேல் கோபம் வந்து கையை ஓங்கும்போது இந்தத் துடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அன்றைய பாடம்.

1934 முதல் வானொலியில் கிழட்டு டாக்டர் என்ற பெயரில் பேசினார். நாடே கேட்டது. ஆனால் யூதர்கள் மேல் வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. 1936-ல் அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பிறகு 1938-ல்தான் அவருடைய குரல் மறுபடியும் ஒலித்தது.

இருண்ட நாட்கள்

1939-ல் ஹிட்லரின் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. 1940-ல் வார்சாவின் ஒரு பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி யூதர்களை உள்ளே அடைத்தார்கள். இல்லமும் அதற்குள் மாற வேண்டியதாயிற்று. மாறும்போது குழந்தைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்க நாஜி போலீஸ் அலுவலகத்துக்கே நேராகப் போனார் கோர்ச்சாக். யூதர்கள் கட்டாயம் கட்டவேண்டிய கைப்பட்டையைக்கூட அவர் கட்டவில்லை. பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தபோது உடம்பு ரொம்பத் தளர்ந்திருந்தது.

ஸ்டெஃபானியா அதற்குள் பாலஸ்தீனத்துக்குக் குடிபோயிருந்தார். போர் வரப்போகிறது என்று தெரிந்தும் 1939-ல் திரும்பி வந்துவிட்டார்.

சுவருக்குள் பசியும் டைபஸ் போன்ற நோய்களும் தினமும் உயிர்களைக் குடித்தன. இல்லத்தில் இப்போது சுமார் 200 குழந்தைகள். 60 வயதைத் தாண்டிய கோர்ச்சாக் சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் உணவு கேட்டார். பிச்சை என்று அவர் கூச்சப்படவில்லை.

1942 ஜூலை 18 அன்று இல்லத்துக் குழந்தைகள் ஒரு நாடகம் போட்டார்கள். என்ன நாடகம் தெரியுமா? நம்ம இரவீந்திரநாத் தாகூர் எழுதிய தபால் நிலையம்! அதில் வரும் அமல் என்ற சிறுவன் அப்பா அம்மா இல்லாத வளர்ப்புப் பிள்ளை. நோயாளி. வெளியே போகக்கூடாது என்று வைத்தியர் தடை போட்டுவிட்டார். ஜன்னல் வழியாகப் போகிற வருகிறவர்களோடு பேசுவான். ராஜாவிடமிருந்து கடிதம் வரும் என்று காத்திருப்பான். சுவருக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கதை எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாவு வந்தால் பயப்படாமல் எதிர்கொள்ளப் பிள்ளைகளைத் தயார் செய்யத்தான் கோர்ச்சாக் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்கிறார்கள்.

நான்கே நாளில், ஜூலை 22 அன்று, மக்களை ரயிலில் ஏற்றிக் கொலை முகாமுக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. அன்று கோர்ச்சாக்கின் பிறந்த நாள்.

தப்பிக்க அவருக்கு வழி இருந்தது. வெளியே இருந்த நண்பர்கள் ஒளிந்துகொள்ள இடமும் போலி அடையாளச் சீட்டும் தரத் தயாராக இருந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். 200 குழந்தைகளை விட்டுவிட்டு ஒருத்தர் மட்டும் எப்படிப் போறது? ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, இல்லத்துக்கு முறை வந்தது. குழந்தைகள் வரிசையாக நடந்தார்கள். கோர்ச்சாக்கும் ஸ்டெஃபானியாவும் மற்ற ஊழியர்களும் அவர்களோடு நடந்தார்கள். வார்சாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ட்ரெப்ளிங்கா முகாமுக்கு ரயில் போனது. யாருமே திரும்பவில்லை.

விதை முளைத்தது

ட்ரெப்ளிங்காவில் இன்று சுமார் 17,000 கற்களை நட்டு நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். அழிந்துபோன மக்களின் ஊர்ப் பெயர்கள் பல கற்களில் இருக்கின்றன. ஒரே ஒரு கல்லில்தான் தனி மனிதரின் பெயர் இருக்கிறது. அது கோர்ச்சாக்கின் பெயர். அதிலும் அவர் தனியாக இல்லை. கூடவே குழந்தைகள் என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

1978-ல் குழந்தைகள் உரிமைக்கு உலக ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்று ஐ.நா. சபையில் முன்மொழிந்த நாடு எது தெரியுமா? அவருடைய போலந்துதான்! 1989 நவம்பர் 20 அன்று அந்த ஒப்பந்தம் நிறைவேறியது. இந்தியா 1992-ல் அதில் சேர்ந்தது. ஒரு குழந்தையைப் பாதிக்கிற விஷயத்தை நீதிமன்றமோ அதிகாரிகளோ முடிவு செய்யும்போது, அந்தக் குழந்தை சொல்வதையும் கேட்க வேண்டும் என்கிறது அதன் 12-வது பிரிவு. குரோஹ்மால்னா தெரு இல்லத்தில் 1912-க்குப் பிறகு நடந்ததும் அதுதானே?

அமெரிக்காவில் 1977-ல் சியாட்டில் நகரத்து நீதிபதி டேவிட் சௌகப் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பெற்றோரிடமிருந்து பிரித்து வேறு வீடுகளில் வளர்க்கப்படும் குழந்தைகளின் வழக்குகளில், குழந்தைக்காகப் பேச ஆள் இல்லை என்பதைக் கவனித்தார். சாதாரணப் பொதுமக்களைத் தொண்டர்களாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். தொண்டர் அந்தக் குழந்தையை நேரில் சந்தித்து, அதன் நிலைமையைத் தெரிந்துகொண்டு, நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்வார். அந்தத் திட்டம் பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது.

நண்பர்களே, கோர்ட்டில் போய்ப் பேச நமக்கு வயசு இல்லை. ஆனா அந்த இல்லத்தில் புதுசா வந்த பிள்ளைக்குத் துணையாக இருந்தது டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. நம்ம வயசுப் பிள்ளைகள்தான். ஹாஸ்டலிலிருந்து, இல்லத்திலிருந்து, பாட்டி வீட்டிலிருந்து வந்து நம்ம வகுப்பில் கடைசி பெஞ்சில் தனியா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் பக்கத்தில் நாளைக்கு உட்காரலாமே. அவங்க பேசினால் கேட்கலாமே. அதுக்கு எந்த வயசும் தேவையில்லை.

– 9-ம் வகுப்பு ஆ பிரிவு, இந்த மாத இதழ்க் குழு