பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்ன டாக்டர்

லண்டன் நகரில் பிராட் தெரு என்று ஒரு தெரு. அங்கே ஓர் அடிபம்பு இருந்தது. அதன் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும். ருசியாகவும் இருக்கும். பக்கத்துத் தெருக்களில் வேறு பம்புகள் இருந்தும், சிலர் அவற்றைத் தாண்டி வந்து இங்கே தண்ணீர் பிடித்துப் போவார்கள்.

1854-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இரவு, அந்த வட்டாரத்தில் காலரா வெடித்தது. மூன்று நாளில் 127 பேர் செத்தார்கள். பத்து நாளில் 500 பேருக்கு மேல் செத்தார்கள். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பிணமானார். ஓட முடிந்தவர்கள் எல்லோரும் ஊரைவிட்டு ஓடினார்கள். வீடுகளும் கடைகளும் பூட்டிக் கிடந்தன.

அந்தத் தெருவுக்குள் ஒரு டாக்டர் நுழைந்தார். அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. செத்தவர்கள் யார், அவர்கள் வீடு எது என்ற விவரம் அதில் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். இறந்தவர் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று விசாரித்தார்.

அவர்தான் டாக்டர் ஜான் ஸ்னோ.

கூலிக்காரர் மகன்

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க் என்ற ஊர். அங்கே ஊஸ் ஆற்றங்கரையில், வெள்ளம் வந்தால் தண்ணீர் புகுந்துவிடும் ஏழைகள் பகுதியில், 1813-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி ஸ்னோ பிறந்தார். தந்தை நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை செய்தவர். ஒன்பது குழந்தைகளில் ஜான்தான் மூத்தவர்.

பதினான்காவது வயதில் அவரை நியூகாசில் நகரில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழக விட்டார்கள்.

1831-ம் ஆண்டு இங்கிலாந்துக்குள் முதல் தடவையாகக் காலரா நுழைந்தது. நம் ஊரில் வாந்தி பேதி என்று சொல்லி நடுங்கினார்களே, அதே நோய்தான். வங்காளத்தில் கிளம்பி, பல தேசங்களைக் கடந்து, கப்பல் ஏறி வந்தது.

கில்லிங்வொர்த் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அவர்களைக் கவனிக்க வைத்தியர் ஜானை அனுப்பினார். அப்போது ஜானுக்கு வயது பதினெட்டு.

சுரங்கத்துக்குள் கக்கூஸ் கிடையாது. கை கழுவ வழியில்லை. எட்டு ஒன்பது மணி நேரம் பூமிக்கு அடியில் இருப்பவர்கள், கொண்டு போன சாப்பாட்டை அழுக்குக் கையாலேயே சாப்பிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு காலராவைப் பற்றி ஸ்னோ புத்தகம் எழுதியபோது, இதையும் மறக்காமல் எழுதினார்.

1836-ம் ஆண்டு அவர் லண்டனுக்குப் போனார். வண்டியில் போகவில்லை. நடந்தே போனார்! அங்கே படித்துத் தேறி, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த சோஹோ பகுதியில் தொழில் தொடங்கினார். இறைச்சி சாப்பிடமாட்டார். மதுவைத் தொடமாட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

மகாராணியின் டாக்டர்

அந்தக் காலத்து ஆபரேஷனை நினைத்தாலே உடல் நடுங்கும். நோயாளிக்கு நினைவு இருக்கும்போதே கத்தி வைப்பார்கள். 1846-ம் ஆண்டு இறுதியில், ஈதர் என்ற மயக்க மருந்து அமெரிக்காவில் இருந்து லண்டனுக்கு வந்தது. பல டாக்டர்கள் அதை அளவு தெரியாமல் கொடுத்துத் தடுமாறினார்கள். ஸ்னோ அளவைக் கணக்கிட்டார். மருந்தை முகர்வதற்கு ஒரு கருவியும் செய்தார். மயக்க மருந்து கொடுப்பதில் லண்டனிலேயே பெயர் பெற்றவர் ஆனார்.

1853-ம் ஆண்டு விக்டோரியா மகாராணிக்குப் பிரசவ வலி எடுத்தது. ஸ்னோவை அழைத்தார்கள். அவர் குளோரோபாரம் கொடுத்தார். இளவரசர் லியோபோல்டு பிறந்தார். 1857-ம் ஆண்டு அடுத்த பிரசவத்துக்கும் அவரே போனார்.

அரண்மனை வரை போன டாக்டர், இனிமேல் சேரித் தெருக்களுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் போனார். காலரா அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

நாற்றமா, தண்ணீரா?

1848, 1849-ம் ஆண்டுகளில் காலரா மறுபடியும் வந்து இங்கிலாந்தில் 50 ஆயிரம் பேருக்கு மேல் கொண்டு போயிற்று.

காலரா எப்படி வருகிறது? கெட்ட நாற்றத்தால் வருகிறது என்று பெரிய டாக்டர்கள் சொன்னார்கள். சர்க்காரும் அதையே நம்பியது. நாற்றத்தை ஒழிக்க வேண்டும் என்று, வீடுகளின் மலக்குழிகளைத் திறந்து கழுவிச் சாக்கடை வழியாகத் தேம்ஸ் ஆற்றில் விட்டார்கள். தண்ணீர்க் கம்பெனிகளோ அதே ஆற்றில் தண்ணீர் எடுத்து, வீடுகளுக்குக் குழாயில் அனுப்பிக்கொண்டிருந்தன! வீட்டு நாற்றம் குறைந்தது. நோய் வீட்டுக்குள் வந்தது.

ஸ்னோ வேறு விதமாக யோசித்தார். காற்றில் வரும் விஷம் என்றால் முதலில் நுரையீரலைத் தாக்க வேண்டும். காலராவோ வயிற்றைத் தாக்குகிறது. ஆகவே அது வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. நோயாளியின் மலம் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீரை அடுத்தவர் குடிக்கிறார் என்று முடிவு செய்தார். 1849-ம் ஆண்டு இதை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். பெரிய டாக்டர்கள் அதைப் படித்துவிட்டு, ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டார்கள்.

அதனால்தான் 1854-ல் அவர் பட்டியலோடு தெருவில் இறங்கினார்.

சாகாதவர்கள்

முதல் வாரப் பட்டியலில், கடைசி மூன்று நாட்களில் செத்தவர்கள் 83 பேர். அவர்களில் 73 பேருடைய வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்தது பிராட் தெரு பம்புதான். மற்ற 10 பேருக்கு வேறு பம்பு அருகில் இருந்தது. ஆனால் அவர்களில் 5 பேர் இந்தத் தண்ணீரையே விரும்பிக் குடித்தவர்கள். 3 பேர், பம்பின் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன குழந்தைகள்.

செத்தவர்களை மட்டும் அவர் எண்ணவில்லை. சாகாதவர்களையும் எண்ணினார்.

பக்கத்தில் ஓர் அனாதை விடுதி இருந்தது. அதில் 535 ஏழைகள். சுற்றிலும் சாவு. விடுதியில் செத்தவர்கள் 5 பேர்தான். காரணம், விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது.

பிராட் தெருவிலேயே ஒரு பீர் ஆலை இருந்தது. அங்கே 70 தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்தார்கள். ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையில் பீர் கொடுத்தார்கள். ஆலைக்குள்ளேயே கிணறும் இருந்தது. பம்புத் தண்ணீரை அவர்கள் சீண்டவே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய அத்தாட்சி, தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் கிடைத்தது. அங்கே ஒரு விதவை அம்மாள் இருந்தார். பிராட் தெருப் பக்கம் அவர் பல மாதங்களாக வரவில்லை. அவர் இருந்த இடத்தில் காலராவும் இல்லை. ஆனால் அவர் செத்தார். எப்படி?

அவருடைய மகன்களிடம் ஸ்னோ விசாரித்தார். அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர். பழைய பம்புத் தண்ணீரின் ருசியை மறக்க முடியவில்லை. தினமும் ஒரு வண்டியில் ஒரு பெரிய புட்டி தண்ணீர் வரவழைத்துக் குடித்தார். ஆகஸ்டு 31-ந் தேதி போன புட்டியில் அவரும் குடித்தார். பார்க்க வந்திருந்த உறவுக்காரப் பெண்ணும் குடித்தாள். இருவருமே செத்தார்கள்.

கைப்பிடி கழன்றது

செப்டம்பர் 7-ந் தேதி மாலை, வட்டார நிர்வாகக் கமிட்டியின் கூட்டம் நடந்தது. ஸ்னோ அங்கே போய், பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடும்படி கேட்டார். கமிட்டிக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுநாள் கழற்றிவிட்டார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்குள்ளாகவே நோய் தணியத் தொடங்கிவிட்டது. பாதிப் பேர் ஓடிவிட்டார்கள், பலர் செத்துவிட்டார்கள். ஸ்னோவும் இதை மறைக்கவில்லை. அப்படியானால் கைப்பிடியைக் கழற்றியது வீணா? இல்லை. அதை நிரூபித்தவர், ஸ்னோவை எதிர்த்த ஒரு பாதிரியார்!

அவர் பெயர் ஹென்றி ஒயிட்ஹெட். அந்த வட்டாரத்து மக்களை வீடு வீடாக அறிந்தவர். ஸ்னோ சொல்வது தவறு என்று காட்டுவதற்காகத்தான் விசாரணையில் இறங்கினார். விசாரிக்க விசாரிக்க, ஸ்னோ சொன்னதே சரி என்று தெரிந்தது.

பம்புக்கு எதிரே 40-ம் எண் வீட்டில், ஊரில் நோய் வெடிப்பதற்குச் சில நாள் முன்பே ஒரு கைக்குழந்தைக்குப் பேதி கண்டிருந்தது. தாய் அதன் துணிகளை அலசி, அந்தத் தண்ணீரை வீட்டு மலக்குழியில் ஊற்றினாள். குழியைத் தோண்டிப் பார்த்தார்கள். அதன் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது. கிணற்றுக்கும் அதற்கும் இடையே மூன்று அடி தூரம்கூட இல்லை. குழியில் ஊற்றியது கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது!

இதையும் கேளுங்கள். அந்தக் குழந்தையின் தகப்பனார் ஒரு போலீஸ்காரர். அவருக்கும் காலரா கண்டது. எந்த நாளில்? செப்டம்பர் 8-ந் தேதி. கைப்பிடியைக் கழற்றிய அதே நாள்! அவர் பத்து நாளுக்கு மேல் படுத்திருந்து செத்தார். அந்த நாட்களில் விஷம் மறுபடியும் குழிக்குப் போயிருக்கும். குழியில் இருந்து கிணற்றுக்கும் போயிருக்கும். பம்பில் கைப்பிடி இருந்திருந்தால்?

அந்த வட்டாரத்தில் மொத்தம் செத்தவர்கள் 616 பேர்.

இரண்டு கம்பெனிகள்

அதே ஆண்டில் தெற்கு லண்டனிலும் ஸ்னோ ஒரு பெரிய கணக்கு எடுத்தார். அங்கே ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விட்டன. ஒன்று, நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்தில் ஆற்றுத் தண்ணீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனியோ 1852-ம் ஆண்டிலேயே ஆற்றின் மேல்பகுதிக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த வீடு. ஒரே காற்று, ஒரே நாற்றம். தண்ணீர் மட்டும் வேறு.

முதல் ஏழு வாரக் கணக்கைப் பாருங்கள். சாக்கடைத் தண்ணீர் குடித்த 10 ஆயிரம் வீடுகளுக்கு 315 சாவு. மேல்பகுதித் தண்ணீர் குடித்த 10 ஆயிரம் வீடுகளுக்கு 37 சாவு.

இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? 1855-ம் ஆண்டு இதையெல்லாம் பெரிய புத்தகமாக அச்சிட்டார். 200 பவுனுக்கு மேல் கைக்காசு செலவானது. திரும்பி வந்தது 200 ஷில்லிங்குகூட இல்லை என்று அவருடைய நண்பர் எழுதியிருக்கிறார். அப்போது ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். சர்க்காரின் சுகாதார போர்டு நியமித்த கமிட்டியும் அவர் சொன்னதை ஏற்கவில்லை.

1858-ம் ஆண்டு ஜூன் மாதம், மயக்க மருந்து பற்றிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்னோவுக்குப் பாரிசவாயு தாக்கியது. 16-ந் தேதி காலமானார். வயது 45.

அதே கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்கமுடியாமல் போயிற்று. பார்லிமெண்டின் திரைச்சீலைகளில் மருந்து நனைத்துத் தொங்கவிட்டார்கள். உடனே பெரும் பணம் ஒதுக்கி, நகரத்துக் கழிவைத் தொலைதூரம் கொண்டுபோகும் சாக்கடைகளைக் கட்டத் தொடங்கினார்கள். நாற்றத்துக்குப் பயந்து கட்டிய சாக்கடை, தண்ணீரைக் காப்பாற்றியது. 1866-ம் ஆண்டு காலரா திரும்ப வந்தபோது, சாக்கடை வேலை முடியாத கிழக்கு லண்டனில்தான் அது ஆடித் தீர்த்தது. புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார், முன்பு ஸ்னோவை முழுதாக நம்பாதவர். இப்போது காரணம் ஒரு கம்பெனியின் தண்ணீரே என்று அவரே காட்டினார். 1884-ம் ஆண்டு ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர், கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டார்.

ஸ்னோ காட்டிய வழி நம் காலத்திலும் உதவியது. 2010-ம் ஆண்டு ஜனவரியில் ஹைத்தி நாட்டைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே காலரா பரவியது. பூகம்பத்தால்தான் வந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் எந்த ஊரில் என்றைக்கு நோய் கண்டது, அந்த ஊர் எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தது என்று ஒரு பிரெஞ்சு டாக்டர் கணக்கெடுத்தார். ஐ.நா. படை முகாம் ஒன்றின் கழிவு ஓர் ஆற்றில் கலந்தது தெரியவந்தது. அதற்குள் நோய் நாடெங்கும் பரவிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 ஆயிரம் பேர் செத்தார்கள்.

பிராட் தெருவுக்கு இப்போது பிராட்விக் தெரு என்று பெயர். அங்கே கைப்பிடி இல்லாத ஒரு பம்பை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மதுக்கடைக்கும் ஜான் ஸ்னோ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். மதுவைத் தொடாத மனிதருக்கு இப்படி ஒரு மரியாதை!