லூசி வில்ஸ்: பெயரில்லாத மருந்து

கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பின்னால் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இருக்கிறார். 1888-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, மருத்துவத்துக்கு வந்து 1920-இல் டாக்டரானார்.

1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளை தன் பங்கை எடுத்துக்கொள்ள, தாயின் எலும்பு மஜ்ஜை இன்னும் வேகமாக ரத்த அணுக்களை உண்டாக்க வேண்டும். இவர்களுக்கோ அணுக்கள் முதிராமல் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்திருந்தன. கிருமியா என்று தேடினார், இல்லை. சாப்பாட்டைக் கவனித்தார், காய்கறியும் பழமும் அரிது. குன்னூரிலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும்கூட ஆய்வு தொடர்ந்தது. (நம்மூர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

அதே மாதிரிச் சாப்பாட்டில் வாடிய குரங்குக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். பியர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யும் மலிவான கரும்பசை. குரங்கு தேறியது. பெண்களும் தேறினார்கள். 1931-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அதில் வேலை செய்த பொருள் எதுவென்று அவருக்குத் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள். காரணம் புரியாமல் சரியாகிவிட்ட கோளாறை மென்பொருள்காரனான நான் லேசில் நம்பமாட்டேன். அவர் காரணத்துக்காகக் காத்திருந்தால் அந்தத் தாய்மார்கள் என்ன ஆகியிருப்பார்கள்!

1941-இல்தான் அமெரிக்காவில் டன் கணக்கான கீரையிலிருந்து அப்பொருளைப் பிரித்து, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் 1947-இல் ஓய்வு பெற்றபின்னும் ஜமைக்கா, ஃபிஜி என்று போய் ரத்தசோகையையே ஆராய்ந்தார். 1964-இல் மறைந்தார்.