கணினிக்குத் தமிழ் எழுத்தைப் பழக்கிய ஆசிரியர்

கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறோம். இணையத்தில் தமிழில் தேடுகிறோம். இது யாருக்கும் இன்று வியப்பாக இல்லை. 30 ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. தமிழ் எழுத்து இணையத்தில் ஏறுமா என்பதே கேள்வியாக இருந்த காலம் அது. ஏறும் என்று நம்பி உழைத்தவர்களில் முன்னணியில் நின்றவர், சிங்கப்பூர்த் தமிழாசிரியர் நா. கோவிந்தசாமி.

மாணவர்களே, போர்ட்டிக்சன் வட்டாரத்தில் உள்ள சுவாவில், தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு நான் சனிக்கிழமைதோறும் கணினி வகுப்பு நடத்துகிறேன். கணினியோடு அதற்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களையும் சொல்லித் தருகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய். ஆங்கிலம் பெரும்பாலும் பாடப் புத்தகத்தோடு சரி. திரை முழுக்க ஆங்கிலத்தைக் கண்டதும் இது நமக்கான கருவி இல்லை என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டாம் வாரமே வகுப்புக்கு வராமல் நின்றுவிடுவார்கள். அதனால்தான் முதல் சொற்பட்டியலைக் கொடுக்கும் முன், கோவிந்தசாமியின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் 1946இல் பிறந்தவர். ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளரானார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது அந்தக் கழகம். சிறுகதையிலும் நாவலிலும் பெயர் பெற்ற எழுத்தாளர். 1977இல் இலக்கியக் களம் என்ற அமைப்பைத் தொடங்கி, சிங்கப்பூர்க் கதைகளைத் திறனாய்வு செய்யும் வழக்கத்தை வளர்த்தார். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார்.

இத்தனைக்கும் அவருடைய துறை தமிழ், கணினி அன்று. தமிழுக்குத் தேவை என்று கண்டதால் நடு வயதில் கணினியைக் கற்கத் தொடங்கியவர்.

அவருக்கு முன் இருந்த சிக்கல் என்ன? கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ அதற்கு 65. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். பெரியதும் சிறியதுமாகச் சேர்த்தாலும் 52தான். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. அந்நாளைய கணினியில் ஓர் எழுத்துருவுக்கு அதிகமாகக் கிடைத்த இடங்களே 256. அதிலும் பாதி ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் போய்விடும். மீதியில் தமிழைப் பொருத்த வேண்டும்.

ஆளுக்கு ஒரு முறையில் பொருத்தினார்கள். ஒருவர் ‘அ’ வைத்த எண்ணில் இன்னொருவர் ‘ழ’ வைத்தார். கோலாலம்பூரில் தட்டிய கடிதத்தைச் சென்னையில் திறந்தால், எழுத்துகளுக்குப் பதில் கிறுக்கல்தான் தெரியும். எழுதியவரிடம் இருந்த அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தால்தான் கடிதம் கடிதமாகத் தெரியும்.

கோவிந்தசாமி தாம் உருவாக்கிய தமிழ் மென்பொருளுக்குக் கணியன் என்று பெயர் வைத்தார். புறநானூற்றுப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயர் அது. கணியன் என்றால் காலத்தைக் கணித்துச் சொல்பவர். கணிக்கும் கருவிக்கு 2000 ஆண்டுப் பழமையான பெயர் நம்மிடமே இருந்திருக்கிறது!

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இணையத்தில் வெளியிடப்பட்டன. அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். தமிழ்ப் பகுதி கோவிந்தசாமியின் உழைப்பு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் டான் டின் வீ இந்தப் பணியில் அவருக்குத் தோள் கொடுத்தார். இணையத்தில் தமிழ் ஏறிய மிகத் தொடக்ககாலப் பக்கங்களுள் அவையும் அடங்கும்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்ற மாநாடு நடக்க அவரே முன்னின்றார். பல நாடுகளில் தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே கூரையின் கீழ்க் கூடினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. அந்த முயற்சியின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் பிரிக்கப்பட்டன. ‘க’ தட்டி ‘இ’ தட்டினால் ‘கி’ வந்துவிடும். 247 எழுத்துக்கு 247 விசை வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் படித்த எழுத்திலக்கணமே இங்கே கணினிப் பாடமாகிவிட்டது.

தமிழ்நாட்டு அரசு அந்த விசைப்பலகையை 1999 ஜூனில் ஏற்றுக்கொண்டது. அதைக் காண கோவிந்தசாமி இல்லை. மே 26ஆம் நாள் அவர் காலமானார். அறுபதைக்கூட எட்டாத வயது. அவர் தொடங்கி வைத்த மாநாட்டு வரிசை 2001இல் நம் கோலாலம்பூருக்கும் வந்தது. இன்று உலகெங்கும் யூனிகோடு முறையில் ‘அ’ என்ற எழுத்துக்கு 2949 என்ற ஒரே எண்தான். சுவாவில் தட்டினாலும் யாழ்ப்பாணத்தில் திறந்தாலும் அது ‘அ’வாகவே தெரியும்.

இந்த வாழ்க்கையைச் சொன்ன பிறகுதான் வகுப்பில் சொற்களுக்கு வருவேன். ஆங்கிலத்தில் மவுஸ் என்றால் எலி. மலாயில் தெத்திக்குஸ், திக்குஸ், அதாவது எலி, அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழில் சுட்டி. ஆங்கிலத்தில் கீ என்றால் சாவி. மலாயில் பாப்பான் கெகுஞ்சி. சாவியைக் குறிக்கும் குஞ்சியிலிருந்து பிறந்தது. தமிழில் விசைப்பலகை. ஃபான்ட் என்ற சொல், ஈயத்தை உருக்கி அச்செழுத்து வார்த்த காலத்திலிருந்து வந்தது, தமிழில் எழுத்துரு. டவுன்லோடு, முவாட் துருன், பதிவிறக்கம் மூன்றிலும் ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது.

பிள்ளைகளுக்கு இங்கேதான் முகம் மலரும். கணினி ஆங்கிலம் என்பது வானத்திலிருந்து விழுந்த மொழி இல்லை. எலி, சாவி, கோப்பு, சன்னல் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் கிடந்த சொற்களை எடுத்துத்தான் ஆங்கிலம் பேசுவோரும் புதிய கருவிக்குச் சூட்டினார்கள். மலாய்க்காரர்களும் அப்படியே செய்தார்கள். நாமும் அதையே செய்தோம்.

தமிழ் இருக்கிறதே, ஆங்கிலம் எதற்கு என்று எண்ணிவிடக் கூடாது. கோவிந்தசாமி கணினியைக் கற்றது ஆங்கிலத்தின் வழியாகத்தான். அன்று தமிழில் அதற்கு நூல் ஏது? ஆங்கிலத்தைக் கற்று, அதன் வழியே கருவியைப் புரிந்துகொண்டு, புரிந்ததைத் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆங்கிலம் அவருக்குப் படகு. அக்கரையில் இருந்ததை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பினார்.

மாணவர்களே, ஒரு பயிற்சிப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கோடிடுங்கள். ஆங்கிலம், மலாய், தமிழ் என்று தலைப்பிடுங்கள். திரையில் காணும் புதிய சொல்லை நாளுக்கு ஒன்றாக மூன்று மொழியிலும் எழுதி வாருங்கள். நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 365 சொற்கள். எங்கள் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இப்போது 112ஆவது சொல்லில் இருக்கிறாள்.