இராம கதையை இசையாகத் தந்த அருணாசலக் கவிராயர்

இராமபிரான் இராவண வதத்தின் பின்னர் சிவபெருமானைப் பூசித்த தலங்கள் என முன்னேஸ்வரமும், சிலாபத்தை அடுத்த மானாவரியும் போற்றப்படுகின்றன. ஆதலால் புத்தளம் மாவட்டக் கரையோரத்து மக்களுக்கு இராமாயணம் எங்கோ நடந்த கதையன்று. அக்கதையை, கம்பனைக் கற்றறியாத பாமரரும் பாடி மகிழும் வண்ணம் இசை நாடகமாக்கித் தந்த பெருமை சீர்காழி அருணாசலக் கவிராயரையே சாரும். முத்துத் தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோருடன் தமிழிசை மூவருள் ஒருவராக அவர் போற்றப்படுகின்றார்.

கவிராயர் 1711ஆம் ஆண்டு சோழநாட்டின் தில்லையாடியில் நல்லதம்பிப் பிள்ளைக்கும் வள்ளியம்மைக்கும் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் பெற்றோரை இழந்த அவரைத் தருமபுர ஆதீனம் அரவணைத்துக் கல்வி புகட்டியது. அங்கே தமிழும் வடமொழியும் கற்றுத் தேர்ந்தார். எனினும் துறவறம் மேற்கொள்ளவில்லை. முப்பதாவது வயதில் இல்லறம் புகுந்து, காசுக்கடை வைத்துச் சீவனம் நடத்தினார். பகலில் கடை, ஓய்ந்த வேளையில் கம்பராமாயணம் என அவரது வாழ்வு கழிந்தது. பின்னர் ஆதீனத்தாரின் அன்பழைப்பினால் சீர்காழியில் குடியேறினார். சீர்காழிக் கோவை, அசோமுகி நாடகம், அனுமார் பிள்ளைத்தமிழ் முதலியனவும் அவர் இயற்றியவையே.

சீர்காழிக்கு அண்மையிலுள்ள சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இசைவாணர் இருவர் அவரிடம் கம்பராமாயணம் பாடங் கேட்டனர். இக்காவியத்தை இசைப்பாடல்களாக ஆக்கித் தரவேண்டும் என அவர்கள் வேண்டவே, அறுபது வயதை அண்மிய கவிராயர் அப்பெரும்பணியை ஏற்றார். சொல்லும் பொருளும் கவிராயருடையவை. இராகமும் தாளமும் மாணவர் இருவருடையவை. தம்மிடம் பயின்றவரின் துணையைப் பெறுவதை அவர் குறைவாக எண்ணவில்லை. ஆசானும் மாணவரும் கைகோத்ததனாலேயே இராம நாடகக் கீர்த்தனை உருவாயிற்று.

கம்பனைப் போன்றே திருவரங்கத்தில் அதனை அரங்கேற்ற அவர் விரும்பினார். பெருமாளின் உத்தரவின்றி இயலாது எனக் கோயிலார் தயங்கினர் என்பர். மனம் வருந்திய கவிராயர், வில்லை ஒடித்த களைப்போ, காட்டில் நடந்த களைப்போ என இராமாவதாரத்தில் பட்ட சிரமங்களை அடுக்கி, அரங்கன் பள்ளிகொண்ட காரணத்தை வினவிப் பாடினார். அன்றிரவு பெருமாள் கனவில் தோன்றி அனுமதி அளித்தார் என்பது செவிவழி வரலாறு. மோகன இராகத்தில் பாடப்படும் அப்பாடல் இன்றும் கேட்போர் நெஞ்சை உருக்குகின்றது. சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கவிராயரைப் பெரிதும் ஆதரித்துச் சிறப்பித்தார். 1779ஆம் ஆண்டு கவிராயர் இறைவனடி சேர்ந்தார்.

காலப்போக்கில் அம்மாணவர்கள் அமைத்த மெட்டுகள் பல வழக்கொழிந்தன. ஆயினும் பாடல்கள் அழியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் போன்ற வித்துவான்கள் அவற்றுக்குப் புதிய இசைவடிவம் தந்து கச்சேரி மேடைகளில் ஏற்றினர். மிதிலையில் கன்னிமாடத்துச் சீதையைக் கண்டு, இவள் யாரோ என இராமன் வியக்கும் பாடல் இப்போது பைரவி இராகத்தில் பாடப்படுகின்றது. மெட்டு மாறினும் சொல்லின் உயிர் மாறவில்லை.

1987ஆம் ஆண்டு இந்தியத் தூர்தர்ஷன் தொலைக்காட்சியில் இராமாயணத் தொடர் ஆரம்பமானபோது, இரவீந்திர ஜெயினின் இசையும் பாடல்களும் கதையோடு இணைந்தே மக்கள் மனதில் பதிந்தன. வசனத்தால் சொல்ல இயலாத துயரத்தையும் பக்தியையும் பாட்டு எளிதிற் சொல்லிவிடும். இவ்வுண்மையை இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து செயற்பட்டவர் கவிராயர்.

தொலைக்காட்சியிற் பார்த்த கதை சில நாட்களில் மறந்துபோகலாம்; தானே வாய்விட்டுப் பாடிய கதை மறவாது. அறநெறிப் பாடசாலைகளில் பயிலும் சிறார்கள் கவிராயரின் கீர்த்தனைகளில் ஒன்றிரண்டையேனும் கற்றுப் பாடுவார்களாயின், அதுவே அப்பெருமகனாருக்குச் செலுத்தும் சிறந்த காணிக்கையாகும்.