மருத்துவ அறிஞர் சுப்பாராவ்

காஞ்சிபுர மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பரந்து கிடக்கின்றன. கார்களும் பிற பொறிகளும் அங்கு உருவாகின்றன. அங்குப் பணிபுரிவோர் உடற்பரிசோதனைக்குச் செல்லுங்கால் இரத்தக் கொழுப்பையும் அளந்தறிவது உண்டு. அப்பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்டிரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு என்பன வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் மொத்தக் கொலஸ்டிரால் 200 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் நன்று என்பர் மருத்துவர். கண்ணுக்குப் புலப்படாமல் கலந்துள்ள ஒரு பொருளை இத்துணை நுட்பமாக அளப்பது எவ்வாறு? அதற்குத் துணைபுரிவது நிறமே. அப்பொருளுடன் கூடி நிறங் காட்டும் மருந்துகளை இரத்த நீரிற் சேர்ப்பர். நிறம் அடர்ந்திருப்பின் பொருள் மிகுதி, வெளிறியிருப்பின் குறைவு. கொலஸ்டிரால் முன்னாளிற் பச்சை நிறமாக அளக்கப்பட்டது. இன்று நொதிகளின் உதவியாற் செந்நிறமாக அளக்கப்படுகிறது. இத்தகைய நிற அளவை முறைகளுள் ஒன்று, சென்னையிற் பயின்ற ஓர் இந்தியரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திற் பிறந்தார். குடும்பம் வறுமையுற்றது. பதின்மூன்று வயதில், காசிக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று எண்ணி, வீட்டைவிட்டு ஓடினார். தாயார் வெங்கம்மா அவரைத் தேடிப் பிடித்து வந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். மெட்ரிக்குலேசன் தேர்வில் இருமுறை தோல்வி நேர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறை தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும், அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றார்.

அக்காலத்தில் அந்நியத் துணியை விலக்குமாறு காந்தியடிகள் நாட்டு மக்களை வேண்டினார். சுப்பாராவ் அறுவை மருத்துவ வகுப்பிற்கும் கதராடையே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்கு எழுதியும், மாணவருக்குக் கிட்டியது முழுப் பட்டமன்று, எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த சான்றிதழே. கதரைக் களைந்திருந்தால் பட்டம் கிடைத்திருக்கும், அவர் களையவில்லை. அரசாங்க மருத்துவப் பணி கிட்டாமையால், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இதற்கிடையே பெருந்துயர் ஒன்று அவரை வாட்டியது. உடன்பிறந்தார் இருவரை, ஒருவர்பின் ஒருவராக, ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்று நோய் கொண்டு சென்றது. அந்நோய்க்கு மருந்து காணும் வேட்கையோடு, மாமனாரும் அறநிலையம் ஒன்றும் உதவிய பொருளைக் கொண்டு, அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார். இளம் மனைவியை ஊரில் விட்டுச் சென்றவர், மீண்டும் தாய்நாடு திரும்பவே இல்லை. ஹார்வர்டில் இடம் கிடைத்தது, ஊதியம் கிடைக்கவில்லை. ஆகவே இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவிப் பிழைத்தார். பகலில் ஆய்வுக்கூடம் சென்றார்.

அங்குச் சைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியரோடு கூடி, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை வகுத்து, 1925ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாஸ்பேட்டுடன் மாலிப்டிக் அமிலத்தைச் சேர்த்து, ஏற்றதொரு மருந்தால் ஒடுக்கினால், நீல நிறம் தோன்றும். அந்நீலத்தின் ஆழமே பாஸ்பரசின் அளவு. இரத்தக் கொழுப்பின் ஒரு பிரிவாகிய பாஸ்போலிப்பிடை அளக்கவும் இம்முறை பயன்பட்டது. முதலிற் கொழுப்பைக் கரைத்துப் பிரித்தெடுப்பர். அதனை அமிலத்திற் காய்ச்சிச் சிதைத்துப் பாஸ்பரசை விடுவிப்பர். கிடைத்த நீலத்தை அளந்து, பாஸ்பரசின் அளவை 25ஆற் பெருக்குவர். பாஸ்போலிப்பிடில் நூற்றில் நான்கு பங்கே பாஸ்பரசு ஆதலின் இக்கணக்கு. இன்றைய வழக்கமான கொழுப்புப் பரிசோதனையிற் பாஸ்போலிப்பிடு இடம்பெறுவதில்லை. ஆயினும் உயிர்வேதியியல் பயிலும் மாணவர் பிஸ்க்-சுப்பாராவ் முறையை அறியாமல் இரார்.

இவ்வளவுகோல் கைக்கு வந்ததும், தசையினுள் மறைந்திருந்தனவும் வெளிப்பட்டன. 1927இல் பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் இருவரும் கண்டறிந்தனர். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் செருமானிய அறிஞர் லோமனும் தனியே கண்டார். இத்தனை செய்தும் ஹார்வர்டில் நிலையான பதவி சுப்பாராவுக்கு வாய்க்கவில்லை. 1940ஆம் ஆண்டு லெடர்லி மருந்து நிறுவனத்திற் சேர்ந்து, விரைவில் ஆராய்ச்சித் தலைவரானார்.

எட்டே ஆண்டுகளில் அங்கு விளைந்தவை பல. 1945இல் அவர்தம் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர்; உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவிற்கு அது மருந்தாயிற்று. போலிக் அமிலத்தின் எதிர்ப்பொருளாக ஆக்கிய அமினோப்டெரினைச் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு வழங்கி, நோய் சிறிது காலம் தணியக் கண்டார். ஆரியோமைசின் என்னும் மருந்தும் அவர் தலைமையின்கீழ் வெளிவந்தது. யானைக்கால் நோய்க்குரிய டி.இ.சி. மாத்திரையும் அங்குத் தோன்றியதே. காஞ்சிபுரம், செங்கற்பட்டு வட்டாரங்களில் பிற்காலத்தில் ஊர்தோறும் வழங்கப்பட்டது அம்மாத்திரையே. வெற்றிகள் அறிவிக்கப்பட்டபோதெல்லாம் உடன் உழைத்தாரை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றார். அதனாற்போலும் உலகம் அவர் பெயரை எளிதில் மறந்தது. காளான் இனம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இந்திய அரசாங்கம் நூற்றாண்டு விழாவின்போது, 1995இல், அஞ்சல் தலை வெளியிட்டது.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் விழித்தெழவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவ்வாண்டிலேயே, அவர் பல்லாண்டு உழைத்த பாஸ்டனுக்கு அண்மையிலுள்ள பிராமிங்காம் என்னும் ஊரில், இதய நோயின் காரணங்களை அறியும் ஆய்வு தொடங்கியது. 5,209 ஆண்களும் பெண்களும் அதற்கு உட்பட்டனர். ஆண்டுகள் பல தொடர்ந்து கவனித்ததில், இரத்தத்திற் கொலஸ்டிரால் மிக்கவரை இதய நோய் மிகுதியாகப் பற்றுவது 1961ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று.