பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (1920 – 2005)



பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் என்றதும், வத்திக்கானில் வெண்ணிற அங்கியுடன் கையசைத்து நிற்கும் ஒருவரே உங்கள் நினைவுக்கு வருவார். (சில நூல்களில் இவரது பெயர் இரண்டாம் யோவான் பவுல் எனக் காணப்படும். குழப்பமடைய வேண்டாம்.) ஆனால் அவர் இளமையில் கல் உடைத்த ஒரு தொழிலாளி. மாத்தளை மாவட்டத் தோட்டப்புறங்களிலிருந்து பாடசாலைக்கு வரும் உங்களுக்கு உடல் உழைப்பு எத்தகையது என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

அவரது இயற்பெயர் கரோல் வொய்த்திவா. போலந்து நாட்டின் வாதோவிச்சே என்னும் சிறிய நகரில் 1920 மே 18ஆம் திகதி பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். வைத்தியராக இருந்த அண்ணன், நோயாளி ஒருவரிடமிருந்து தொற்றிய நோயினால் 1932இல் இறந்தார். 1941இல் தந்தையும் காலமானார். இருபது வயதில் அவருக்கென்று குடும்பத்தில் எவரும் எஞ்சவில்லை. நாட்டின் நிலையோ அதைவிடக் கொடியது. 1939இல் போலந்தைக் கைப்பற்றிய நாசிகள் அவர் கற்ற பல்கலைக்கழகத்தை மூடிவிட்டனர். கல்லுடைக்கும் இடத்திலும், பின்னர் இரசாயனத் தொழிற்சாலையிலும் அவர் வேலை செய்தார். 1942 முதல் மறைவாக இயங்கிய குருமடத்தில் கற்று, 1946 நவம்பர் 1ஆம் திகதி குருவானார். 1958இல் துணை ஆயர், 1964இல் கிராக்கோ பேராயர், 1967இல் கர்தினால் என உயர்ந்தார்.

1978 ஒக்டோபர் 16ஆம் திகதி அவர் பாப்பரசராகத் தெரிவானார். 455 ஆண்டுகளின் பின் இத்தாலியர் அல்லாத ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதற்றடவை. 1981 மே 13ஆம் திகதி புனித பேதுரு சதுக்கத்தில் மெஹ்மெத் அலி அக்கா என்பவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். படுகாயமடைந்து உயிர் தப்பிய பாப்பரசர், 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று, அவனருகில் அமர்ந்து பேசினார். சுடப்பட்ட அதே ஆண்டு செப்டெம்பரில் மனித உழைப்பு பற்றிய அவரது சுற்றுமடல் வெளிவந்தது. மூலதனத்தை விட உழைக்கும் மனிதனே முதன்மையானவன் என அதில் கற்பித்தார். கல் உடைத்தவர் எழுதிய மடல் அது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பிறரைத் தேடிச் செல்வதே அவரது பணியின் தனித்தன்மை. 104 வெளிநாட்டுப் பயணங்களில் 129 நாடுகளுக்குச் சென்றார். 1986 ஏப்ரலில் உரோமையிலுள்ள யூதத் தொழுகைக்கூடத்திற்குச் சென்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் பல சமயத் தலைவர்களையும் அசிசி நகருக்கு அழைத்து, சமாதானத்துக்காக மன்றாடச் செய்தார். 2001இல் தமஸ்கு நகரப் பள்ளிவாசலுக்குள் சென்றபோது, அவ்வாறு சென்ற முதற் பாப்பரசரானார்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1995 ஜனவரி 20ஆம் திகதி அவர் இலங்கைக்கு வந்தார். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தம் தொடங்கி இரு வாரங்கள்கூட ஆகவில்லை. அவரது வருகைக்கு வேறொரு தடையும் இருந்தது. 1994இல் வெளிவந்த நூலொன்றில், விடுதலை பற்றிய பௌத்த போதனையைப் பெரும்பாலும் எதிர்மறையானது என அவர் விளக்கியிருந்தார். இலங்கைப் பௌத்த குருமார் இதனால் புண்பட்டனர். பாப்பரசர் பௌத்தர்கள் மீதான தமது உயர்ந்த மதிப்பைத் தெரிவித்து, மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்னும் நான்கு பௌத்த விழுமியங்களையும் பெயர் சொல்லிப் போற்றினார். எனினும் சமயத் தலைவர்களுடனான சந்திப்புக்குப் பௌத்த பீடங்களின் தலைவர்கள் வரவில்லை. சமயங்களிடையே பாலம் அமைக்கப் பாடுபட்ட ஒருவரின் எழுத்தே அன்று இடைவெளியை உண்டாக்கியது. சமய நல்லுறவு பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது எளிது. ஆனால் அப்படி எழுதும் விடை பாதி விடையே.

அடுத்த நாள் காலிமுகத்திடலில், யோசவ் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அவர் உயர்த்தினார். இந்நிகழ்வு அன்றைய மனக்கசப்போடு சேர்த்து எண்ணிப் பார்க்கத்தக்கது. கோவாவில் பிறந்த வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தவர். 1692இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றன் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைப் பேதம் பாராமல் பராமரித்துப் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். நமது மாவட்டத்திலுள்ள வஹாகோட்டையின் பழைய கத்தோலிக்கச் சமூகமும் கண்டி மன்னரின் ஆட்சிப்பரப்பில் வாழ்ந்ததுதான். அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்தை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள்.

பாப்பரசர் வேண்டிய சமாதானம் நிலைக்கவில்லை. 1995 ஏப்ரலில் போர் மீண்டும் மூண்டது.

இறுதி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 2005 உயிர்ப்புப் பெருவிழாவன்று சாளரத்தருகே வந்தும் அவரால் பேச முடியவில்லை. கையை உயர்த்தி ஆசீர் மட்டும் அளித்தார். ஏப்ரல் 2ஆம் திகதி இரவு இறையடி சேர்ந்தார். 2014 ஏப்ரல் 27ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் யோசவ் வாஸ் அடிகளாரையும் புனிதராக உயர்த்தினார். இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் திருநாள் ஒக்டோபர் 22. அது அவர் இறந்த நாளன்று. 1978இல் பாப்பரசராகத் தமது பணியை ஆரம்பித்த நாள்.